ஸ்பெயினில் சிரிப்பும் கிண்டலும்: புதிதாக வருபவர்களுக்கு

ஸ்பானிஷ் வகுப்பில் வணக்கம் சொல்லவும் விலை கேட்கவும் கற்றுத்தருவார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் காதில் விழுவது வேறு. உணவக அடுப்படியில் பக்கத்தில் நிற்பவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நாளைக்கு விடியற்காலை நாலு மணிக்கு வரணுமாம்" என்பார். நீங்கள் திருதிருவென்று விழித்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். "ஏஸ் புரோமா", சும்மா சொன்னேன் என்று தோளில் தட்டுவார். கோபப்பட வேண்டாம். பெரும்பாலும் பிடித்தவர்களைத்தான் இப்படிச் சீண்டுவார்கள்.

பதிலுக்கு "மே எஸ்தாஸ் தோமாந்தோ எல் பேலோ?" என்று கேளுங்கள். என்னைக் கலாய்க்கிறாயா என்று பொருள். கூட வேலை செய்யும் யாரிடமும் இதைச் சொல்லலாம். "நோ மே பாத்திலேஸ்" என்றால் என்னைக் கலாய்க்காதே. யாராவது இதைச் சொன்னால் மட்டும் குரலைக் கவனியுங்கள். சிரித்துக்கொண்டு சொன்னால் விளையாட்டு, முறைத்துக்கொண்டு சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

"எஸ்தாஸ் தே கோன்யா?" என்பதும் விளையாடுகிறாயா என்பதுதான். நாள் முழுக்கக் கேட்பீர்கள். ஆனால் அது கெட்ட வார்த்தை ஒன்றின் நெருங்கிய சொந்தம். மேலாளர், வீட்டு உரிமையாளர், குழந்தையின் ஆசிரியர் எதிரே "எஸ்தாஸ் தே புரோமா?" போதும்.

நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடம் "காச்சோந்தோ". "ஏஸ் உன் காச்சோந்தோ" என்றால் நகைச்சுவையான ஆள், பாராட்டுதான். அதைக் கேட்டுவிட்டு நானும் ஜாலியாக இருக்கிறேன் என்ற நினைப்பில் "எஸ்தோய் காச்சோந்தோ" என்றால், காம வேட்கையில் இருக்கிறேன் என்று ஆகிவிடும்! அப்புறம் ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லியே ஓட்டுவார்கள். "காச்சோந்தேயோ" என்றால் கேலி, கும்மாளம். நண்பர்களிடம் சொல்லத் தயங்க வேண்டாம். "எஸ்தோய் அபுர்ரீதோ" என்றால் எனக்குப் போரடிக்கிறது. "சோய் அபுர்ரீதோ" என்றால் நான் போரடிக்கும் ஆள். இந்த 'சோய்', 'எஸ்தோய்' வித்தியாசத்தை வேறு எதற்கு இல்லாவிட்டாலும் இதற்காகவாவது படித்துவிடுங்கள்.

சிரிப்பு தாங்கவில்லையா? "மே பார்த்தோ" சொல்லுங்கள். "மே மேயோ" என்பது சிரித்துச் சிரித்து சிறுநீர் போகிறது என்பது, நெருங்கியவர்களிடம் மட்டும். "தெஸ்கோஹோனார்ஸே" என்பதும் விழுந்து விழுந்து சிரிப்பதுதான், ஆனால் கொச்சை. காதோடு இருக்கட்டும், வாய்க்கு வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் 'jajaja' என்று வரிசையாக வந்தால் குழம்பாதீர்கள். 'j' எழுத்துக்கு இங்கே 'ஹ' ஒலி, அதுதான் ஹஹஹா.

வெள்ளிக்கிழமை கிளம்புபவரிடம் "கே லோ பாஸேஸ் பியென்" என்றால் நன்றாக அனுபவி என்ற வாழ்த்து. "ஹுவெர்கா" என்று கூப்பிட்டால் கூத்தும் குடியுமான இரவு. குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம், ஆனால் கடைசி மெட்ரோவை நம்பிப் போகாதீர்கள்.

கூட வேலை செய்பவர் கொலம்பியாக்காரர் என்றால் கிண்டலுக்கு "மாமார் காயோ" என்பார். மேலே பார்த்த 'பாத்திலேஸ்' வரும் அதே வினைச்சொல், கியூபாக்காரர் வாயில் 'பாசிலார்' என்று ஒலித்து, ஜாலியாக இருப்பதையும் குறிக்கும். எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: இங்கே முட்டாள்கள் தினம் ஏப்ரலில் இல்லை, டிசம்பர் 28. முதுகில் காகித பொம்மை ஒட்டுவார்கள், பத்திரிகைகளிலும் பொய்ச் செய்தி வரும். அன்றைக்கு எல்லோருக்கும் சம்பளம் இரட்டிப்பு என்று குழுவில் செய்தி வந்தால், ஊருக்குப் போன் போடும் முன் தேதியைப் பாருங்கள்.