அண்ணனுக்கு ஒரு குழு கிடைத்தது

"குடியை நிறுத்தணும்டா" என்று அண்ணன் தானாகவே சொன்னதும், முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத்தான் கூட்டிப் போனேன். தினமும் நிறையக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்க்காமல் வீட்டிலேயே நிறுத்தவைக்காதீர்கள்.

சிகிச்சை முடிந்து வந்த பிறகுதான் சிரமம். சாயங்காலம் ஆனால் அவருக்குக் கை கால் ஓடாது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் குழு ஊரில் எங்கே கூடுகிறது என்று அந்தப் பிரிவின் சமூகப் பணியாளரிடம் கேட்டேன். பக்கத்துத் தேவாலய ஹாலில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடக்கிறது என்றார். (14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் உதவி கேட்கலாம்.)

"மதம் மாத்திருவாங்களோ" என்று அம்மா பயந்தார். இடம் மட்டும்தான் தேவாலயத்துடையது. குழு எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் கேட்பதில்லை. குடும்பத்தினரும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்பதால் நானும் கூடப் போனேன். ஆட்டோ ஓட்டும் ஒருவர் தன் கதையைச் சொன்னபோது அண்ணன் தலை நிமிர்ந்து கேட்டார். எங்கள் அறிவுரை எதையும் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

குடிக்கத் தோன்றினால் இப்போது அந்த ஆட்டோக்காரருக்குத்தான் போன் போகிறது. அப்புறம், அண்ணி அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறார். அது குடும்பத்தினருக்கானது, அவருக்கும் மனம்விட்டுப் பேச ஆள் தேவைப்பட்டது.