டீசல் கார் ஸ்டார்ட் ஆகும்போது எழும் ஒலி: எந்த நொடியில் கேட்கிறது என்பதே முதல் துப்பு

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தப்படுவதால் உண்டாகும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, டீசல் தெளிக்கப்படுவதற்கும் அது பற்றுவதற்கும் இடையிலான நேரம் சற்று நீள்கிறது. அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரே வேளையில் எரிந்து 'கடகட'வென்று தட்டுகிறது. ஆகவே காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது கேட்கும் கடுமையான தட்டல், எஞ்சின் சூடேறச் சூடேறத் தணிந்துவிடுமானால் அதைக் கோளாறு என்று கருத வேண்டியதில்லை. நேற்றுவரை கேட்காத ஒலி இன்று கேட்கிறதா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பலரும் ஒலி எப்படி இருக்கிறது என்பதை விவரிக்கவே முயல்கிறார்கள். என் அனுபவத்தில், அது எப்போது எழுகிறது என்பதே கூடுதல் பயன் தரும் தகவல். இரவு முழுவதும் நின்ற வண்டியின் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, சாவி திருப்பும் கணத்திலிருந்து ஒரு நிமிடம் வரை கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து கேட்பவர் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கையையோ தளர்ந்த ஆடையையோ கொண்டுபோகக் கூடாது.

எஞ்சின் சுழலாமல் 'டக்டக்'கென்று தொடர்ந்து கேட்டால், பெரும்பாலும் பேட்டரியில் மின்சாரம் போதவில்லை, அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கிறது என்று பொருள். நன்கு சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது அது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். அழுத்தம் மிகுந்த டீசல் எஞ்சினைச் சுழற்றப் பெரும் மின்னோட்டம் தேவை என்பதால், விளக்குகள் பளிச்சென்று எரிவதை மட்டும் வைத்து பேட்டரி நன்றாக இருப்பதாக முடிவு செய்துவிடக் கூடாது. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு நின்றுவிட்டால், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்சான சொலினாய்டையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ சந்தேகிக்கலாம். மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று தனியாகச் சுழன்றால் அதன் சிறு பற்சக்கரமான பினியன், எஞ்சினோடு சுழலும் பெரிய சக்கரமான ஃபிளைவீலோடு இணையவில்லை. 'கரகர'வென்று உலோகம் அரைபட்டால் பற்கள் தேய்ந்திருக்கக்கூடும், அந்நிலையில் திரும்பத் திரும்ப முயல்வது சேதத்தையே கூட்டும். தேங்கிய வெள்ளத்தில் சென்ற வண்டி ஒரு 'தொம்' ஒலியுடன் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுந்தாது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகான முதல் சில நொடிகள்தான் மிகுந்த கவனத்துக்குரியவை. இரவில் ஆயில் கீழே வடிந்துவிடுவதால், அழுத்தம் திரும்பும்வரை வால்வுகளை இயக்கும் டாப்பெட்கள் மெல்ல 'டிக்டிக்' என்பது உண்டு. ஆனால் சங்கிலியை உலுக்கியது போன்ற 'சலசல' ஒலி எழுந்து இரண்டு மூன்று நொடிகளில் மறைந்தால், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைந்து இயங்கவைக்கும் டைமிங் செயினை ஆயில் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். ஒலி விரைவில் மறைந்துவிடுகிறதே என்று இதைத் தள்ளிப்போடுவது மிகவும் தவறு. செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகலாம். ஆயில் மாற்றிய பிறகுதான் இது தொடங்கியது என்றால், ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் வால்வு ஃபில்ட்டரில் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வெண்புகையோடு எஞ்சின் தள்ளாடித் தட்டி, அரை நிமிடத்தில் சீரானால், குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கித் தரும் குளோ பிளக்குகளில் ஒன்றோ பலவோ வேலை செய்யவில்லை எனலாம். சூடான பின்பும் ஒரே சிலிண்டரிலிருந்து சுத்தியலால் அடிப்பது போன்ற தட்டல் தொடர்ந்தால், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அளவுக்கு மீறி அதை விடுகிறதா என்று ஆராய வேண்டும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போன்ற கறுப்புப் படிவும் 'சுஃப் சுஃப்' என்ற ஒலியும் இருந்தால், அதன் அடியிலுள்ள செப்பு வாஷர் வழியாகச் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கசிகிறது. பழைய எஞ்சின்களில் எரிபொருள் குழாயை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கோளாறான சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது; அங்கே அழுத்தம் 1,600 பார் அளவையும் தாண்டக்கூடும் என்பதால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும்.

'கீச்' என்ற ஒலி பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பெல்ட் வழுக்குவதே. கிளட்ச்சை மிதித்ததும் தோன்றும் இரைச்சல், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சுட்டும். ஆழத்திலிருந்து வரும் கனத்த தட்டலோடு ஆயில் விளக்கும் எரிந்தால், எஞ்சினை உடனே அணைத்துவிட்டு வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

காலை ஸ்டார்ட்டில் மட்டும் வரும் ஒலியைக் காட்ட வேண்டுமானால், வண்டியை முந்தைய மாலையே பட்டறையில் விட்டுவிடுங்கள். அன்று காலை ஓட்டிக்கொண்டு போனால் வழியிலேயே எஞ்சின் சூடாகி, மெக்கானிக் கேட்க வேண்டிய ஒலி அங்கே எழாமலே போய்விடும்.