ஞாயிற்றுக்கிழமை சமைத்து ஃப்ரீசரில் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. எனக்குத் தருமபுரியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை ஆன பிறகு அடுப்படி முழுக்க என் கைக்கு வந்தது. அப்போது தொடங்கியதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மடங்கு சமைத்து, பாதியை ஃப்ரீசரில் வைக்கும் பழக்கம். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, வெங்காயம் உரிக்காமலே கொள்ளுக் குழம்பு சாப்பிட முடிகிறது என்றால் அது பெரிய நிம்மதி.

ஆனால் முதல் வருடமே ஒரு பெரிய தவறு செய்தேன். சித்திரை மாதம், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு குண்டா நிறைய நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். மதியம் எல்லோரும் சாப்பிட்டது போக பாதி மீந்தது. சூடு ஆறட்டும் என்று மூடி வைத்துவிட்டேன். அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து, இரவு பத்து மணிக்கு அதே குண்டாவோடு ஃப்ரீசரில் தள்ளினேன். நான்கு நாள் கழித்து எடுத்து, நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் பரிமாறினேன். அன்றிரவே மாமியாருக்கும் பையனுக்கும் வாந்தி. மருத்துவர் எத்தனை நாள் ஃப்ரீசரில் இருந்தது என்று கேட்கவில்லை. "ஃப்ரீசருக்குப் போகும் முன்னாடி எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சும்மா?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

ஆறவிடும் நேரம்

ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது. பெருகவிடாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். உள்ளே போகும்போது எவ்வளவு இருந்ததோ, பெரும்பாலும் அவ்வளவும் வெளியே வரும்போது இருக்கும். கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். சமைத்த உணவு அந்த இடைவெளியில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊரில் சித்திரை, வைகாசி மதியங்களில் 38 டிகிரி சாதாரணம். என் குழம்பு ஒன்பது மணி நேரம் இருந்தது.

"கொதிக்க வச்சா எல்லாம் செத்துப் போயிடும்" என்று நினைப்பது இரண்டாவது தவறு. கிருமி சாகலாம். ஆனால் சில கிருமிகள் பெருகும்போது விட்டுச் செல்லும் நஞ்சு, கொதி நிலையிலும் அழியாது. சோற்றில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. சோறு மெதுவாக ஆறினால் அவை முளைத்துப் பெருகும். பழைய சோறு சாப்பிடுகிறோமே என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். தண்ணீர் ஊற்றி வைத்த சோறு புளிக்கிறது, அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை ஓரளவு அடக்கி வைக்கிறது. மூடி வைத்த வெறும் சோற்றிலோ கறிக் குழம்பிலோ அப்படி எதுவும் நடப்பதில்லை.

சரி, சீக்கிரம் ஆற வைப்பது எப்படி? குண்டாவில் இருக்கும் குழம்பின் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அதனால் வாய் அகன்ற பாத்திரங்களில், இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் விட்டு, பாத்திரத்தை அதற்குள் வைத்து அவ்வப்போது கிண்டுங்கள். தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள். ஐஸ் கட்டி இருந்தால் தண்ணீரில் போடலாம். அரை மணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். சோறு என்றால் தாம்பாளத்தில் பரப்பினால் போதும். அப்புறம் சிறிது நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க நேராக ஃப்ரீசரில் வைத்தால் பக்கத்தில் உறைந்திருக்கும் பொட்டலங்கள் இளகிவிடும்.

உங்கள் ஃப்ரீசர் எவ்வளவு குளிர்ச்சி?

உறைந்த குழம்பு மூன்று மாதம் வரை நன்றாக இருக்கும் என்று படித்திருப்பீர்கள். அது மைனஸ் 18 டிகிரியில் நிலையாக இருக்கும் ஃப்ரீசருக்கான கணக்கு. நம்மில் பலர் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் தலைப்பகுதியில் இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போவதில்லை. முன்பக்கம் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவை கரண்ட் சிக்கனத்தைக் குறிப்பவை. சில ஃப்ரிட்ஜ்களில் ஐஸ் பெட்டிக்கென்று தனியாக நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18.

குறி இல்லாவிட்டால் ஒரு கப் ஐஸ்கிரீமை ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காலையில் கரண்டி எளிதாக இறங்கினால் உங்கள் ஃப்ரீசருக்கு மூன்று மாதக் கணக்கு ஒத்துவராது. எங்கள் வீட்டில் குழம்பு வகைகளுக்கு மூன்று வாரம், கறிக்கு இரண்டு வாரம் என்று வைத்திருக்கிறேன். இது என் அளவுகோல். கொஞ்சம் கறாராக இருப்பதில் நஷ்டமில்லை.

ஐஸ் பெட்டியின் சுவரில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி படிந்தால் குளிர் உள்ளே சரியாக இறங்காது. டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திக் கரைய விடுங்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே ஓடும் கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும்.

அடுத்தது கரண்ட். பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலையில்தான் வரும். நிறைந்த பெரிய ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். சின்ன ஐஸ் பெட்டி அவ்வளவு தாங்காது. நாம் வேலைக்குப் போயிருக்கும்போது எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்பதே தெரியாது. அதற்கு ஒரு வழி: சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். நாணயம் ஐஸுக்குள் இறங்கியிருந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று உள்ளே இருக்கும் கறியை நான் யோசிக்காமல் கொட்டிவிடுவேன்.

எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது

களியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஆசைப்பட்டு ஒரு முறை உருண்டை உருண்டையாக வைத்துப் பார்த்தேன். எடுத்துச் சூடாக்கியபோது ஓரம் காய்ந்து, நடுவில் உதிரி உதிரியாக, வாயில் மண் மாதிரி இருந்தது. ஆறிக் குளிரும்போது மாவுச்சத்து இறுகித் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் காரணம். களி கிண்ட இருபது நிமிடம் போதும். நேரம் பிடிப்பது அதற்குத் தொட்டுக்கொள்ளும் குழம்புதான். உறைய வைக்க வேண்டியதும் அதைத்தான். மீந்த களிக்கு நம் பெரியவர்கள் கண்ட வழியே சரி. தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் கரைத்து, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடித்துவிடலாம்.

கொள்ளு ஃப்ரீசருக்கென்றே பிறந்தது மாதிரி. இரவு ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே உறைய வையுங்கள். ஒரு பொட்டலத்தைக் கடைந்தால் கடைசல், வடித்த தண்ணீரில் ரசம். வெந்த கொண்டைக்கடலை, காராமணி, துவரம்பருப்பு எல்லாமும் இப்படியே.

மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொட்டை வந்து குவியும்போது உரித்து அப்படியே பச்சையாகக் கவரில் கட்டிப் போடுகிறவர்கள் நிறைய. சில வாரங்களில் நிறம் மங்கி, ஒரு பழைய வாசனை அடிக்கும். காயில் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருப்பதால் வருவது அது. கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, தட்டில் பரப்பி உறைய வையுங்கள். கட்டியான பிறகு டப்பாவில் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது, வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம். பிதுக்குப் பருப்புக்கும் இதுவே முறை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இந்த இரண்டு நிமிடம் வேகவைத்தது ஆகாது. குழம்பில் போடும்போது நன்றாக வேக விட வேண்டும்.

பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளில் தக்காளி விலை விழும் நாட்களில் மனசு கஷ்டமாக இருக்கும், விளைவித்தவர்கள் ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிற நிலைமை. அந்த நாட்களில் நான் ஒரு பெட்டி வாங்கிவிடுவேன். வெங்காயம், இஞ்சி, பூண்டோடு எண்ணெய் பிரியும்வரை வதக்கி, ஆறியதும் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துக் கட்டிகளாக எடுத்து வைக்கிறேன். நான்கு கட்டி போட்டால் ஒரு வேளைக் குழம்புக்கு அடிப்படை தயார். முழுத் தக்காளியை அப்படியே உறைய வைத்தால் இளகும்போது தண்ணீராகப் போகும். குழம்புக்கு ஆகும், தொக்குக்கு ஆகாது.

தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு உறைந்து இளகும்போது திரிந்து, மேலே எண்ணெயும் கீழே திப்பியுமாகப் பிரியும். தேங்காய் ஊற்றும் முன்பே பாதியை எடுத்து ஆறவைத்துவிடுங்கள். தாளிப்பும் எடுத்துச் சூடாக்கும் நாளில்தான். கறிக் குழம்பில் உருளைக்கிழங்கு போடும் வழக்கம் இருந்தால், உறைய வைக்கும் பங்கில் போட வேண்டாம், மாவு மாவாகப் போகும். மோர்க்குழம்பு, தயிர்ச் சாதம், அவித்த முட்டை மூன்றும் வேண்டவே வேண்டாம். முருங்கைக்காய், சுரைக்காய் இரண்டும் குழைந்துவிடும், ஆனால் கெட்டுப் போகாது.

டப்பாவும் பங்கும்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். விளிம்புவரை ஊற்றி இறுக மூடிய கண்ணாடி ஜாடி வெடிப்பது இதனால்தான். ஒரு விரல் அளவு இடம் விடுங்கள். ஹோட்டலில் பார்சல் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்கள் குளிரில் விரிசல் விடும், சூட்டுக்கும் அவை ஏற்றவை அல்ல. எவர்சில்வர் டப்பா நல்லது. உணவுக்கென்று விற்கும் கெட்டியான ஜிப் கவரும் நல்லது. கவரில் காற்றை வெளியேற்றி, தட்டையாகப் படுக்க வைத்து உறைய வைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், புத்தகம் மாதிரி அடுக்கலாம். காற்று உள்ளே இருந்தால் கறித் துண்டுகளின் மேல் வெள்ளையாகக் காய்ந்த திட்டுகள் வரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் வைப்பதுதான் பலர் செய்வது. பாதி வேண்டும் என்றாலும் முழுவதையும் இளக வைத்து, மீதியை மறுபடி உள்ளே வைக்க வேண்டி வருகிறது. ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு சாம்பாரும் கொள்ளும் ஒன்று போலவே தெரியும்.

எடுக்கும் நாளில்

காலையில் வேலைக்குப் போகும்போது டப்பாவை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, மாலையில் வந்து சூடாக்குவது வேண்டாம். வெளிப்பக்கம் மதியத்துக்குள் இளகி வெயிலில் கிடக்கும், நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும். முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால் அடிகனமான பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, உறைந்த கட்டியை அப்படியே போட்டு, மூடி சிறு தீயில் வையுங்கள். தட்டையான பொட்டலம் பத்து நிமிடத்தில் இளகிவிடும். அதன்பின் ஓரம் மட்டும் கொதித்தால் போதாது. கிண்டிக் கிண்டி, நடுவிலும் குமிழ் வெடித்துச் சில நிமிடம் கொதிக்க வேண்டும். கறித் துண்டை உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் ஆவி வர வேண்டும்.

பேருந்தில் போகும் குழம்பு

என் தம்பி ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அம்மா அரூரிலிருந்து சுடச்சுடக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தனுப்புவார். வெதுவெதுப்பாக மூன்று நாலு மணி நேரம் பேருந்தில் போய், அறையில் இறங்கியதும் ஃப்ரீசருக்குள் போகும். என் குண்டா கதைதான் இதுவும். "சூடா இருந்தாத்தானே கண்ணு கெடாது?" என்று அம்மா கேட்டார். கொதிக்கும் சூடு அப்படியே நின்றால் கெடாதுதான், தூக்குவாளியில் அது நிற்பதில்லையே. இப்போது சனிக்கிழமையே சமைத்து, தட்டையாகக் கல் மாதிரி உறைய வைத்து, பொட்டலங்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கி, நாலைந்து செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் தடித்த துண்டைச் சுற்றிப் பையில் வைக்கிறார். போய்ச் சேர்ந்ததும் நடுவில் கட்டியாக இருக்கிறதா என்று தம்பி அழுத்திப் பார்க்கிறான். கட்டியாக இருந்தால் ஃப்ரீசருக்கு, முழுக்க இளகியும் இன்னும் சில்லென்று இருந்தால் அன்றிரவே கொதிக்க வைத்துச் சாப்பிட. அவன் அறையில் இருப்பதும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான் என்பதால், நான்கு பொட்டலத்துக்கு மேல் அம்மா இப்போது வைப்பதில்லை.