விருந்து மிச்சத்தில் மறுநாள் சாப்பாடு

மறுநாள் சமையலை நான் விருந்து நடந்த இரவே தொடங்கிவிடுவேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் முதல் வேலை, மிச்சத்தைப் பிரிப்பது. குழம்பு தனி, காய் தனி, சோறு தனி, இறைச்சி தனி, எலும்பும் தனி. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி மூடினால் மறுநாள் அதைச் சூடாக்கத்தான் முடியும், வேறு பண்டமாக மாற்ற முடியாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் இவை ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். கடும் வெயில் நாளென்றால் ஒரு மணி நேரம்தான். ஆனால் சாப்பிட்ட தட்டில் மீந்ததை எடுத்து வைக்கவே வேண்டாம்.

சோற்று விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் சோற்றை அகலமான தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டு உள்ளே வைப்பேன். குளிர்ந்த சோறு விறைத்து உதிரியாக இருக்கும்; வறுப்பதற்கு அதுதான் தோது. சட்டி நன்றாகக் காயட்டும். எண்ணெய், வெங்காயம், முட்டை, மிஞ்சிய காய், கடைசியில் சோறு. சட்டி நிறையப் போட்டால் வறுபடாமல் புழுங்கிவிடும். இரண்டு தடவையாக வறுங்கள்.

உப்பை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். மிச்சம் எல்லாவற்றிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது; வற்ற வற்றக் கரிக்கும். இறக்கும் முன் ருசி பாருங்கள். சப்பென்று இருந்தால் பல நேரம் அதற்குத் தேவை உப்பில்லை, அரை மூடி எலுமிச்சைதான்.

கோழி எலும்பை வெங்காயம், மிளகோடு மூழ்கத் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் இரண்டு மணி நேரம் வேகவைத்து வடிகட்டுங்கள். மிஞ்சிய காயையும் பிய்த்த இறைச்சியையும் அதில் போட்டால் குடும்பத்துக்கே போதுமான சூப். கெட்டியாக வேண்டுமானால் மசித்த உருளைக்கிழங்கு ஒரு கரண்டி கரைத்துவிடுங்கள்.

எதுவானாலும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள், அதுவும் ஒரே தடவை. மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

அப்புறம் ரொட்டி. அதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், இன்னும் சீக்கிரம் காய்ந்துபோகும். காய்ந்துவிட்டாலும் நல்லதுதான், ரொட்டி புட்டிங் செய்துவிடலாம். புது ரொட்டி பாலில் கரைந்துவிடும், காய்ந்தது உறிஞ்சிக்கொண்டு நிற்கும். ஆறு துண்டுக்கு இரண்டு கப் பால், மூன்று முட்டை, அரை கப் சர்க்கரை. மீந்த கேக், கனிந்த பழம் இருந்தால் அதையும் உதிர்த்துப் போடலாம். இருபது நிமிடம் ஊறட்டும். ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லையென்றால் மூடி ஆவியில் வேகவையுங்கள். நடுவில் கத்தியை விட்டு எடுக்கும்போது ஒட்டாமல் வந்தால், பிள்ளைகளைக் கூப்பிடலாம்.