பூஞ்சை பிடித்த வாடகை வீடு: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

சென்னையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், எங்கள் வாட்டர்ப்ரூஃபிங் வேலையோடு பஞ்சாயத்தும் சேர்ந்துகொள்ளும். "ஓனர் கண்டுக்கவே மாட்டேங்கிறார்" என்று ஒரு பக்கம், "ஜன்னலையே திறக்கமாட்டாங்க சார்" என்று மறுபக்கம். புதிதாக வீட்டை வாடகைக்கு விடுபவர்களும், புதிதாகக் குடிவருபவர்களும் வருஷம் தவறாமல் அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் வரும் வழி தெரியாமல் பெயிண்ட் அடிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரும்புள்ளி தெரிந்ததும் சுரண்டி, புட்டி (சுவரை நிரவும் பசை) வைத்து, மேலே எமல்ஷன் அடித்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் எங்கே போகும்? பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், கூடவே பூஞ்சையும். காசு போனதுகூடப் பரவாயில்லை. செலவு யார் தலையில் என்று சொல்லக்கூடிய தடயமும் அந்தப் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடுகிறது.

வேளச்சேரியில் ஒரு வீடு. பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்திருந்தது. பீரோவை ஒட்டிப் போட்டதுதான் காரணம் என்று சொல்லி, பெயிண்ட் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார் ஓனர். அடுத்துக் குடிவந்தவர் அந்த இடத்தில் பீரோவே போடவில்லை, அப்படியும் கறுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால், சுவருக்குள் ஓடும் பைப்பின் எல்போவில், அதாவது வளைவு இணைப்பில், மயிரிழைக் கசிவு.

கறை இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தால் பெரும்பாலும் அஸ்திவார ஈரம். சீலிங்கில் திட்டாக இருந்தால் மேல்வீட்டுக் குளியலறை, இல்லையென்றால் மொட்டைமாடி. மழைக்குப் பிறகு வெளிச்சுவரில் மட்டும் தெரிந்தால் விரிசலைத் தேடுங்கள். அலமாரித் துணி, தோல் செருப்பு, அறை மூலை என்று பரவலாகப் பூத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. சந்தேகமாக இருந்தால், ஒரு சாண் பாலிதீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் முத்து கட்டினால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் என்றால் அறைக்காற்றில் இருக்கிறது.

செலவு யார் பொறுப்பு என்பதும் இதை வைத்துத்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது எல்லாம் ஓனர் பக்கம். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பக்கம். குடியிருப்பவர் உண்டாக்கிய சேதத்துக்கு ஓனர் பொறுப்பல்ல. உங்கள் அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம்.

உப்பைப் பூஞ்சை என்று நினைப்பது

வெள்ளையாகப் பொரிந்து உதிர்வது உப்பு. துடைத்துப் பிரயோஜனமில்லை.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்

கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது

போன மாதமே சொன்னேன் என்பார் ஒருவர், சொல்லவே இல்லை என்பார் இன்னொருவர். முதல் புள்ளி தெரிந்த அன்றே ஃபோட்டோவோடு வாட்ஸப்பில் எழுதுங்கள். குடியேறும் நாளில், சாமான் இறக்குவதற்கு முன்பே பீரோ போகவிருக்கும் சுவரையும் ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.