பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்: பின் பிரேக் டிஸ்க்கை 232 மி.மீ.-இலிருந்து 256 மி.மீ.-க்கு மாற்றும் முறை

பின் பிரேக்கைப் பெரிதாக்கினால் வண்டி பாதி தூரத்தில் நின்றுவிடும் என்று நினைத்து வேலையில் இறங்குபவர்கள்தான் அதிகம். அப்படி நடக்காது. பிரேக் மிதித்ததும் எடை முன்னால் சாய்கிறது. ஆக்டேவியாவின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2,512 மி.மீ. ஆள் ஏறிய வண்டி 1,400 கிலோ, அதில் நூற்றுக்கு 60 பங்கு முன்னால், 40 பங்கு பின்னால், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 55 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தார் ரோட்டில் 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 80 சதவீதம்) அளவுக்கு அழுத்திப் பிடித்தால் ஏறக்குறைய 245 கிலோ முன்னால் போய்விடும். 560 கிலோ சுமந்த பின் சக்கரங்களில் 315 கிலோதான் மிச்சம். மொத்த எடையில் கால்பங்குகூட இல்லை. அந்த எடைக்குத் தாங்குகிற அளவுதான் பின் டயர் பிடிக்கும். அதற்கு மேல் பிடித்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி, வண்டி பம்பரமாகச் சுற்றும்.

அப்படியானால் எதற்கு மாற்றுவது? பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையக் கல்யாணச் சீர் சாமான் என்று போகும்போது பின் அச்சில் எடை கூடும், அங்கே பிடிக்க இடம் இருக்கும். கொடைக்கானல் இறக்கத்தில் 9 மி.மீ. தடிமனுள்ள ஒற்றைத் தகட்டு டிஸ்க்கைவிட, நடுவில் காற்று போகும் 22 மி.மீ. காற்றோட்ட டிஸ்க் சூட்டை நன்றாகத் தாங்கும். டர்போவுக்கு மேப் போட்டு (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி) வேகம் கூட்டிய வண்டிக்கும், முன்னால் 312 மி.மீ. போட்ட வண்டிக்கும் இது பொருத்தம். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் என்று சமதரையில் மட்டும் ஓடுகிற, முன்னால் கம்பெனி பிரேக்கே இருக்கிற வண்டிக்கு இந்தச் செலவு வீண். பழைய காலிப்பரை (டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பாகம்) சர்வீஸ் செய்து, நல்ல பேடும் (டிஸ்க்கில் உரசும் கட்டை) புது பிரேக் ஆயிலும் போட்டாலே போதும். இன்னொன்றும் உண்டு: பின் பிரேக்குக்கு வேலை கொடுக்காவிட்டால் டிஸ்க் துருப்பிடிக்கும். பெரிய டிஸ்க் என்றால் துருவும் பெரிதாகத்தான் இருக்கும்.

முதலில் அளவெடுங்கள்

சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கின் விட்டத்தையும் தடிமனையும் வெர்னியரால் பாருங்கள். இந்த பிளாட்பார்மில் (பல மாடல்களுக்குப் பொதுவான அடித்தளம்) பெரும்பாலான வண்டிகளில் பின்னால் இருப்பது 232 × 9 மி.மீ. தகடு. 7 மி.மீ.-க்குத் தேய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. 256 × 22 ஏற்கெனவே இருந்தால் மாற்றும் வேலையே இல்லை. அதன் கடைசி அளவு 20 மி.மீ.

ஆக்டேவியாவின் முதல் தலைமுறையும் நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் ஒரே பிளாட்பார்ம். அமெரிக்காவில் 2002-இல் வந்த கோல்ஃப் ஜிடிஐ 337 முன்சக்கர இயக்க வண்டி. அதில் முன்னால் 312, பின்னால் 256 காற்றோட்ட டிஸ்க். சாமான் தேடும்போது அந்த வண்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நான்கு சக்கர இயக்க ஆடி டிடி, ஆடி எஸ்3 சாமானும் கடையில் வரும். ஆனால் கேரியரை (காலிப்பரை அச்சோடு பிடிக்கும் சட்டம்) கையில் எடுத்து நம் வண்டியின் கேரியரோடு போல்ட் துளைக்குத் துளை ஒட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வேண்டியவை: 100 மி.மீ. வட்டத்தில் 5 போல்ட் துளை உள்ள 256 × 22 டிஸ்க் இரண்டு, அதற்கான கேரியர் இரண்டு, காலிப்பர் இரண்டு, பேட் ஒரு செட், கேரியர் போல்ட் நான்கு, காலிப்பரை அதன் நகரும் பின்னோடு (ஸ்லைடர்) பிடிக்கும் ஸ்லைடர் போல்ட் நான்கு, செம்பு வாஷர், 1 லிட்டர் டாட் 4 ஆயில், பிரேக் கிளீனர் இரண்டு டப்பா, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ். வெறும் கேரியரை மட்டும் வாங்கிப் பழைய காலிப்பரை அதில் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 9 மி.மீ. தகட்டுக்கு வார்த்த காலிப்பர் வாயில் 22 மி.மீ. டிஸ்க்கும் இரண்டு புதுப் பேடும் நுழையாது.

பழைய சாமான் என்றால் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். அங்கே காலிப்பரைக் கையில் வாங்கியதும் ஹேண்ட் பிரேக் லீவரை விரலால் இழுத்து விடுங்கள். ஸ்பிரிங் அதைச் சட்டென்று ஸ்டாப்பரில் கொண்டுபோய் இடிக்க வேண்டும். பாதியில் நின்றாலோ சோம்பலாகத் திரும்பினாலோ உள்ளே ஷாஃப்ட் துருப்பிடித்திருக்கிறது. இந்தக் காலிப்பருக்குப் பேர்போன நோய் அதுதான். பாலிஷ் போட்டுப் பளபளப்பாக வைத்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பிஸ்டன் விட்டத்தையும் அளந்துவிடுங்கள். பேடின் நடுப்பகுதி டிஸ்க் விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே என்று கொண்டால், 232-க்கு நெம்பும் ஆரம் 96 மி.மீ., 256-க்கு 108. பிஸ்டன் இரண்டிலும் 38 மி.மீ. என்றால் பின் பிரேக்கின் முறுக்கு 12.5 சதவீதம் கூடும். அது ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு. புது காலிப்பரில் 41 மி.மீ. பிஸ்டன் இருந்தால் பரப்பே 16 சதவீதம் அதிகம், இரண்டும் சேர்ந்து 31 சதவீதம். முன்னால் 288 மி.மீ. டிஸ்க்கை வைத்துக்கொண்டு பின்னால் 31 சதவீதம் ஏற்றுவது ஆபத்து. பிஸ்டன் பெரிதானால் மிதிக்கும் தூரமும் கூடும், ஏனென்றால் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் கூடுதல் ஆயிலைத் தள்ள வேண்டும்.

டிரம் உள்ள வண்டிக்கு டிஸ்க் போட நினைப்பவர்களும் இதே கணக்கைப் போட்டே ஆக வேண்டும். டிரம்மில் ஷூ (உள்ளிருந்து விரிந்து உரசும் வளைந்த கட்டை) தன்னைத்தானே இழுத்துக்கொண்டு இறுகும். அதனால் 17.5 மி.மீ. வீல் சிலிண்டர்கூட நன்றாகப் பிடிக்கும். அந்த இடத்தில் 34 மி.மீ. பிஸ்டன் காலிப்பரை வைத்தால், ஆரம் ஒன்றாகவே இருந்தாலும் பிடிமானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 30 மி.மீ. பக்கம் இருந்தால்தான் பழைய அளவுக்கு வரும்.

‘அதிகமானால் பின் லைனில் ஒரு அட்ஜஸ்டபிள் வால்வு போட்டுக் குறைத்துக்கொள்ளலாமே’ என்பார்கள். முன்சக்கர இயக்க வண்டிகளில் பிரேக் லைன் குறுக்காக ஓடுகிறது. வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் ஒரு சர்க்யூட், மற்ற இரண்டும் இன்னொன்று. ஒரே வால்வில் இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்தால், ஒரு பைப் வெடித்ததும் மொத்தப் பிரேக்கும் போய்விடும். தனித்தனியாக இரண்டு வால்வு போட்டால் இரண்டையும் ஒரே அளவில் வைப்பது கஷ்டம், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அளவு சரியாக உள்ள காலிப்பரை வாங்குவதுதான் வழி.

கழற்றுவது

தரை கெட்டியாக இருக்க வேண்டும். செம்பூரான் மண்ணில் ஜாக்கி சாயும், அடியில் கனமான பலகை வையுங்கள். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே கையை உள்ளே விடுங்கள். ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்க வேண்டும். லீவருக்குப் பின்னால் உள்ள கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

கேபிளைக் காலிப்பர் லீவரிலிருந்து எடுங்கள். ஸ்லைடர் போல்ட்டுக்கு 13 சாக்கெட், ஸ்லைடர் பின் சுற்றாமல் பிடிக்க ஒல்லியான 15 ஸ்பேனர். ஹோஸைக் காலிப்பரிலிருந்து கழற்றியதும் முனையை அடைத்து மேலே தூக்கிக் கட்டுங்கள். ஆயில் சொட்டிக்கொண்டே இருந்து ரிசர்வாயர் (பிரேக் ஆயில் டப்பா) காலியானால் ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் அமைப்பு) பம்ப்புக்குள் காற்று போய்விடும். பிறகு ஸ்கேனர் இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது, வண்டியை டோ செய்து திருச்சிக்கோ மதுரைக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கும். ரிசர்வாயரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைப்பது நல்லது. தடிமனான ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் இப்போதே மாற்றுங்கள்.

கேரியர் போல்ட்தான் பொறுமையைச் சோதிக்கும். 8 மி.மீ. ஆலன் தலை, அச்சுக்கு நெருக்கமாக ஒளிந்திருக்கும். அந்த அறுகோணப் பள்ளத்தில் செம்மண்ணும் கிரீஸும் சேர்ந்து இறுகிப்போயிருக்கும். கூரான கம்பியால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்து, சுத்தியலால் ஆலன் பிட்டை அடிவரை தட்டி இறக்கிய பிறகே திருப்புங்கள். பாதி இறங்கிய பிட்டைத் திருப்பினால் பள்ளம் வட்டமாகிவிடும். அப்புறம் வெல்டிங் வைத்துத்தான் எடுக்க முடியும். துரு நீக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வைப்பது உத்தமம்.

டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு, ஹப் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டும் நடுப்பாகம்) முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளி தெரியத் தேயுங்கள். இங்கே ஒட்டிய ஒரு துருத் துணுக்கு போதும், டிஸ்க் கோணி பெடல் அதிரும். டிஸ்க்கின் ஆட்டம் 0.1 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும்.

பின்னால் உள்ள தகரக் கவசம் 232-க்கு வெட்டியது, பெரிய டிஸ்க்கில் உரசும். முறையாக மாற்ற ஹப்பையே கழற்ற வேண்டும். பேரிங் சத்தம் இருந்தால் அதோடு சேர்த்து முடித்துவிடலாம். இல்லையென்றால் விளிம்பைத் தகர வெட்டியால் உரசாத அளவு மட்டும் வெட்டி, வெட்டிய ஓரத்துக்குப் பெயின்ட் அடியுங்கள். முழுசாகப் பிடுங்கி எறிவது நம் பக்கத்துக்குச் சரிப்படாது. கண்மாய்க்கரை ரோட்டில் பறக்கும் சரளைக் கல் நேரே டிஸ்க்கில் போய்ச் சிக்கும்.

மாட்டுவது

புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். கேரியரைப் புது போல்ட்டால் 65 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஸ்லைடர் பின்னை வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லிசாகச் சிலிகான் கிரீஸ் தடவி, ரப்பர் உறை காடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் கிரீஸைக் குழைத்து அப்பினால் செம்புழுதி அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

பிஸ்டனை உள்ளே தள்ளச் சி-கிளாம்ப் கூடாது. ஹேண்ட் பிரேக் திருகு உள்ளேயே இருப்பதால் அழுத்திக்கொண்டே கடிகார முள் திசையில் திருப்ப வேண்டும். அதற்கான கருவி விலை குறைவுதான். வெறுமனே அழுத்தினால் உள் திருகு உடைந்து, ஹேண்ட் பிரேக் பிறகு எப்போதும் பிடிக்காது.

காலிப்பரை மாட்டி, புது ஸ்லைடர் போல்ட்டை 35 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகு மேல்பக்கம் இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறி மாட்டினால் பிளீடர் கீழே வந்து, எத்தனை முறை பம்ப் செய்தாலும் காற்று போகாது. பெடல் பஞ்சாகவே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

காற்று எடுக்கும் வரிசை: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். ஆயில் டாட் 4. உலர்ந்த நிலையில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155 டிகிரி கொதிநிலை அதன் அளவுகோல். டாட் 5 என்பது சிலிகான், ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. திறந்து பல மாதமாக அலமாரியில் இருந்த டப்பாவை ஊற்ற வேண்டாம்.

இப்போது ஹேண்ட் பிரேக். கேபிள் தளர்ந்தே இருக்க, கால் பிரேக்கைப் பல தடவை அழுத்தமாக மிதியுங்கள். உள்ளே உள்ள தானியங்கித் திருகு அப்போதுதான் பேடைத் தன் இடத்துக்குக் கொண்டுவரும். பிறகு கேபிள் நட்டை இறுக்கி, காலிப்பர் லீவர் ஸ்டாப்பரிலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. விலகும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக விலக வேண்டும். கேபிளை முதலிலேயே இறுக்கிவிட்டால் லீவர் ஸ்டாப்பருக்குத் திரும்பாது, தானியங்கித் திருகும் வேலை செய்யாது. பெடல் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் பிடிக்கும். காற்று இருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஆயிலை வீணாக்குவார்கள்.

சக்கரத்தை மாட்டுமுன் காலிப்பருக்கும் ரிம்முக்கும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி பாருங்கள். 15 இன்ச் சக்கரம் என்றால் இன்னும் கவனம். சக்கர போல்ட் 120 நியூட்டன் மீட்டர்.

ஓட்டிப் பார்ப்பது

புதுப் பேட் டிஸ்க்கோடு படிவதற்கு, மணிக்கு 60 கி.மீ.-இலிருந்து 20-க்கு, மிதமாகப் பிரேக் பிடித்து, எட்டுப் பத்து தடவை, நடுவில் சூடு ஆற இடைவெளி விட்டு. முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது, பேடின் அச்சு டிஸ்க்கில் படியும். விடிகாலையில், ஆட்டு மந்தை ரோட்டுக்கு வருமுன் முடியுங்கள். தை மாதத்தில் குன்றக்குடி, சிங்கம்புணரி பக்கம் பழனி பாதயாத்திரை போகும், அந்த ரோடு வேண்டாம்.

ஏபிஎஸ்ஸோடு இபிடி (முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் அமைப்பு) உள்ள வண்டியில் பின் பிரேக் அதிகமானாலும் கம்ப்யூட்டர் குறைத்துவிடும், தப்பு தெரியாது. அதனால் ஆள் அரவமில்லாத சமமான பொட்டலில், மணிக்கு 30-க்கு மேல் போகாமல், ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒருவர் தள்ளி நின்று செல்போனில் பக்கவாட்டில் படம் பிடிக்கட்டும். முன் சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். பின் சக்கரம் முந்தினால் பின்னால் மந்தமான (பிடி குறைந்த) பேட் போடுங்கள், அல்லது முன்னால் 312-க்குப் போங்கள். அது சரியாகும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். ஃபியூஸைத் திருப்பி மாட்டி, விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுவதும் நல்லது.

500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட் இறுக்கமும் ஆயில் கசிவும் ஒருமுறை பாருங்கள். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இந்த ஊர் வண்டிகளில் பாதிக்கு ஓட்டத்தைவிட நிற்பதால்தான் கேடு. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ, வண்டி திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹேண்ட் பிரேக் போட்டபடி ஷெட்டில் நின்றால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், கேபிளும் லீவரும் இறுகிவிடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கியே விடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டி, நாலைந்து தடவை நன்றாகப் பிரேக் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள். ஷெட்டிலேயே இன்ஜினை மட்டும் ஓடவிட்டு அணைத்தால் பின் டிஸ்க்குக்கு ஒரு பயனும் இல்லை.