நாலு சைக்கிளும் ஒரு காரும்: பாரம் எங்கே தொங்குகிறது?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, காரில் சைக்கிளை மாட்டும் ரேக்கின் விலையைத்தான். அதற்கு முன் சைக்கிள்களின் எடையைப் பாருங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு இருந்தால் போதும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு வெறுங்கையோடு ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். இரும்பு பிரேம் போட்ட 26 அங்குல மவுண்டன் சைக்கிள் 15, 16 கிலோ வரும். கூடையும் கேரியரும் வைத்த அம்மாவின் சைக்கிளும் 15க்குக் குறையாது. பள்ளிக்கூடப் பிள்ளையின் 20 அங்குலம் 11 கிலோ, சின்னவனின் 16 அங்குலம் 8 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 50.

பின்கதவில் வார் போட்டு மாட்டும் ரேக்குகளில் பெரும்பாலானவை 35 முதல் 45 கிலோவுக்குள்தான் தாங்கும். ரேக்கிலேயே அச்சடித்திருப்பார்கள். 'மூன்று சைக்கிள்' என்று பெட்டியில் படம் போட்டிருந்தாலும் கிலோக் கணக்குதான் செல்லும். ஆகவே நாலையும் பின்னால் தொங்கவிடும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். பெரிய இரண்டு பின்னால், சின்ன இரண்டு காருக்குள். இதுதான் எங்கள் முடிவு.

அதே 40 கிலோ காரின் பின்பெட்டிக்குள் இருப்பதும் பின்னால் தொங்குவதும் ஒன்றல்ல. மைவி காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். ரேக்கில் தொங்கும் சைக்கிளின் நடுப்பாரம் பின் அச்சுக்கு அப்பால் சுமார் 1.1 மீட்டரில் இருக்கும். இரண்டு பெரிய சைக்கிளும் ரேக்கும் சேர்ந்து 40 கிலோ என்றால், பின் அச்சில் ஏறுவது 40 இல்லை, 58. மிச்ச 18 கிலோ முன் அச்சிலிருந்து கழிகிறது. தராசுத் தட்டு மாதிரிதான். முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் இலேசாகிவிடும், இரவில் விளக்கு எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். பின் டயருக்கு, கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்கிறதோ அதை வையுங்கள்.

ரேக்கை மாட்டுவது

முதல் வேலை துடைப்பது. தோட்டத்துச் செம்மண் தூசு பின்கதவில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அதன்மேல் ரேக்கின் ரப்பர் கால் உட்கார்ந்து நூறு கிலோமீட்டர் அதிர்ந்தால் உப்புத்தாள் தேய்த்தது போலாகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, பிறகு மாட்டுங்கள். ரேக்கின் காலடியையும் துடைக்க வேண்டும். அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

மேல் வார் இரண்டும் பின்கதவின் மேல் விளிம்பில், தகரத்தில் கொக்கி போட வேண்டும். கதவின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்பாய்லரில் போட்டால் விரிசல் விழும், கண்ணாடி விளிம்பில் போட்டால் கண்ணாடியே போகும். ஸ்பாய்லர் குறுக்கே நிற்கிற கார்களுக்கு அதைத் தாண்டி வளையும் ரேக்காகப் பார்த்து வாங்க வேண்டும். கீழ் வார் இரண்டு கதவின் அடி விளிம்பில், பக்க வார் இரண்டு இரு ஓரங்களில். ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ரேக் ஒருபக்கமாகச் சாயும். கொக்கிக்கு அடியில் மோட்டார்சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய டியூப்பை வெட்டி வைத்தால் பெயிண்ட் தப்பும். எஞ்சிய வார் நுனிகளைச் சுருட்டிக் கட்டுங்கள், தொங்கவிட்டால் சக்கரத்தில் சுற்றும். ஓடும்போது வார் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போட்டால், அதை ஒரு சுற்று முறுக்கி மாட்டுங்கள், சத்தம் நின்றுவிடும்.

கனமான சைக்கிள் காரை ஒட்டி, லேசானது வெளியே. ஹாண்டில் ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவே பெடல் போய்க் குத்தும். அதற்குப் பெடலைக் கழற்றிவிடுவதே நல்லது. 15 எண் ஸ்பேனர் பிடிக்கும். வலப்பெடல் சாதாரண மரை, இடப்பெடல் எதிர் மரை. குழம்பாமல் இருக்க ஒரு வழி: ஸ்பேனரின் பிடியை மேல்நோக்கி வைத்து, எந்தப் பக்கமானாலும் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். திரும்பப் போடும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அம்மாவின் சைக்கிளுக்கு மேல்குழாய் தாழ்ந்து வளைந்திருக்கும், ரேக்கின் கையில் நேராக உட்காராது. சீட்டுத் தண்டுக்கும் ஹாண்டில் தண்டுக்கும் இடையே மாட்டும் தனிக் கம்பி சைக்கிள் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்காமல் சாய்த்து மாட்டினால் ஒரு சக்கரம் கீழே தொங்கும், கீழே புகைக்குழாய் இருக்கும். டயர் ரப்பர் அந்தச் சூட்டைத் தாங்காது. மாட்டி முடித்ததும் குனிந்து, புகைக்குழாயின் வாய்க்கு நேரே டயர் வருகிறதா என்று பாருங்கள்.

முன்சக்கரம் ஹாண்டிலோடு சேர்ந்து ஆடும். டியூப் ரப்பரை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, சக்கர ரிம்மையும் பிரேமின் கீழ்க்குழாயையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். மோட்டார்சைக்கிளில் சாமான் கட்டுகிற அதே ரப்பர்தான். காற்றில் அவிழாது, பெயிண்டையும் கீறாது. பெரிய சைக்கிள் ஏறக்குறைய காரின் அகலமே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் நடுவுக்குத் தள்ளுங்கள். அப்படியும் வெளியே வந்தால் முன்சக்கரத்தைக் கழற்றுங்கள், சுமார் ஓர் அடி குறையும்.

நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் சிக்னலும் மறையக்கூடாது. பிளேட்டை மறைத்து ஓட்டுவது குற்றம். பத்தடி பின்னால் போய் நின்று, வீட்டில் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

காருக்குள் போகிற சின்ன சைக்கிள்கள்

பின்சீட்டின் சிறிய பாகத்தை மட்டும் மடக்கினால் பிள்ளைகள் இருவருக்கும் இடம் மிஞ்சும். 16 அங்குலத்துக்கு உதவிச் சக்கரங்களைக் கழற்றினால் போதும். 20 அங்குலத்துக்கு மைவியில் இரண்டு சக்கரமும் கழற்ற வேண்டிவரும். அல்சா மாதிரி ஏழு சீட்டு காரில் மூன்றாம் வரிசையை மடக்கினால் அந்தப் பாடு இல்லை. எண்ணெயில் இயங்கும் (ஹைட்ராலிக்) டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு இடையே மடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். பிள்ளைகள் விளையாட்டாகப் பிரேக்கை ஒருமுறை அழுத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது. கியர் சைக்கிளானால் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். கியர் கை உள்ளே ஒடுங்கும், வளையாது. செயின் பக்கத்தை மேலே வைத்து, பழைய கைலியால் சுற்றினால் சீட்டில் கறை படாது. கட்டாமல் மட்டும் வைக்காதீர்கள். திடீர்ப் பிரேக்கில் பத்து கிலோ இரும்பு முன்னால் பாயும்.

வீட்டில் ஹைலக்ஸ் மாதிரி பின்னால் திறந்த பிக்கப் வண்டி இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். பின்பலகையில் கெட்டிக் கம்பளியை மடித்துப் போட்டு, முன்சக்கரம் வெளியே தொங்க, கீழ்க்குழாய் பலகையில் சாய, பின்சக்கரம் உள்ளே நிற்க, வரிசையாக நாலையும் வைத்துக் கட்டலாம்.

கூரை ரேக்கை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பாரம் அச்சுக்கு நடுவே இருப்பது நல்லதுதான். ஆனால் நிமிர்த்தி நிறுத்திய சைக்கிளோடு வண்டி இரண்டரை மீட்டரைத் தாண்டும். தோட்டத்துப் பாதையில் தாழ்ந்து தொங்கும் செம்பனை மட்டை, அதன் முள், வாசலில் குறுக்குக் கம்பி, பட்டணத்தில் கட்டடக் கார் நிறுத்தம், எதுவும் உங்களுக்காக நிமிராது.

கேரவனோ டிரெய்லரோ இழுத்தால்

பள்ளி விடுமுறையில் கேரவன் வாடகைக்கு எடுப்பவர்கள் செய்கிற பெரிய பிழை, சைக்கிள்களைக் கேரவனின் பின்சுவரில் மாட்டுவது. இடம் காலியாக இருக்கிறது, மாட்டுவதும் சுலபம், அதனால்தான்.

கேரவனின் மூக்கு, அதாவது காரோடு இணையும் முன்முனை, காரின் பின்னால் இருக்கும் இணைப்பு உருண்டை (டோ பால்) மேல் ஓரளவு அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். மொத்த எடையில் 5 முதல் 7 சதவிகிதம் என்பது பொதுக் கணக்கு. ஆயிரம் கிலோ கேரவனுக்கு 50 முதல் 70 கிலோ. 60 என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து மூக்கு 3.5 மீட்டர், பின்சுவர் 2.5 மீட்டர். பின்சுவரில் 40 கிலோ மாட்டினால் மூக்கில் ஏறக்குறைய 29 கிலோ குறைந்து 31 ஆகிவிடும். மூக்கு இலேசான கேரவன் வேகம் கூடும்போது பாம்பு போல் நெளியும். புக்கிட் பெராபிட் இறக்கத்தில் அது தொடங்கினால் காரையும் சேர்த்து ஆட்டும்.

சரி, முன்னால் மூக்குச் சட்டத்தில் மாட்டலாமா? அச்சுக்கு முன்னால் 3 மீட்டரில் அதே 40 கிலோ வைத்தால் மூக்கில் 34 கிலோ ஏறி 94 ஆகும். பல கார்களின் டோ பால் 75 கிலோதான் தாங்கும். காரின் பின்கதவு ரேக்கும் ஆகாது, வளைவில் திரும்பும்போது கேரவனின் முன்முனை சைக்கிளை இடிக்கும்.

மிஞ்சுவது ஒரே இடம்: கேரவனுக்குள், அச்சுக்கு நேர் மேலே, தரையில். அங்கே வைக்கிற பாரம் மூக்கைத் தொடுவதே இல்லை. பெடலைக் கழற்றி, ஹாண்டிலைத் திருப்பி, கம்பளி விரித்து, பெரியதை அடியில் படுக்கவைத்து, இடையில் அட்டை போட்டு, கட்டிலின் சட்டம் போல நகராத ஒன்றில் இரண்டு வார் போட்டுக் கட்டுங்கள். இதற்கு ஈடாக வேறு சாமானைக் குறைக்க வேண்டிவரலாம், கேரவன் சுமக்கக்கூடிய கிலோவில் சைக்கிளும் சேர்த்திதான். மின்சார சைக்கிளானால் பேட்டரியைக் கழற்றிக் காரில் வையுங்கள்.

மூக்குப் பாரத்தைப் பார்க்க அதே தராசு போதும். எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு, சமதரையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, டோ பால் உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டித் தராசின்மேல் நிறுத்தி, மூக்கை அதன்மேல் இறக்குங்கள். வழியில் நெளிய ஆரம்பித்தால் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், எண்ணெய் கொடுத்து ஓடப் பார்ப்பதும் நெளிவைக் கூட்டும்.

வழியில்

செம்மண் பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் ஒருமுறை இறங்குங்கள். அந்தக் குலுக்கலில் தளராத வார் கிடையாது. பிறகு கோல கங்சார் அருகே இன்னொரு முறை. தைப்பிங் பக்கம் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, நைலான் வார் நனைந்தால் சற்று நீளும். மழை விட்டதும் திரும்ப இறுக்குங்கள். நனையக்கூடாதென்று சைக்கிள் முழுவதையும் படுதாவால் மூடினால் அது பாய்மரம் ஆகிவிடும். சீட்டுக்கு மட்டும் பிளாஸ்டிக் பை கட்டினால் போதும். வேகம் 90க்குள் இருக்கட்டும், கேரவன் இருந்தால் 80.

வீடு திரும்பியதும் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ரேக்கைக் கதவிலேயே விட்டுவைக்காமல் கழற்றி, வார்களை நிழலில் காயப்போடுங்கள். வெயில் பட்ட வார் மேலோட்டமாக நன்றாகத்தான் தெரியும். நகத்தால் சுரண்டும்போது மாவு மாதிரி உதிர்ந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள்.